மாரி என்றால் வாருங்கள்

மேடான் நகரம் முடிந்து பெலாவான் துறைமுகம் தொடங்குவதற்கு முன்னால், கன்டெய்னர் லாரிக்காரர்கள் இறங்கிக் கைகால் நீட்டிக்கொள்ளும் ஒரு வளைவுக்குப் பின்னால், சதுப்பில் பாதங்களை நனைத்தபடி நாற்பத்தொரு வீடுகள் கொண்ட ஒரு சந்து இருந்தது. காங் அசாம் என்று அதற்குப் பெயர். புளியஞ்சந்து என்று அர்த்தம். அங்கே புளியமரத்தைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. கைபேசி வரைபடத்தில் தேடினால் அந்த இடம் நீலமாகத் தெரியும், அதாவது நீங்கள் கடலுக்குள் நின்றுகொண்டிருப்பதாக அது சொல்லும். பொட்டலம் கொண்டுவருகிறவர்கள் பாதி வழியிலேயே பயந்து திரும்பிவிடுவார்கள். சந்துக்காரர்களோ அதற்கெல்லாம் மனம் தளராமல், வேண்டியதைத் தாங்களே பெரிய சாலைக்குப் போய் வாங்கிவந்து, கடலுக்குள் குடியிருப்பவர்களுக்கே உரிய கௌரவத்தோடு வாழ்ந்துவந்தார்கள்.

தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பத்தாக்குகள் என்று நாலு பாஷைக்காரர்கள் அங்கே கலந்திருந்தார்கள். நாலு பாஷைக்கும் ஒரே தொழில், ஒரே சூரியன். மீனை அரைத்து மாவோடு பிசைந்து, அவித்து, மெலிதாகச் சீவி, மூங்கில் தட்டிகளில் பரப்பி மூன்று நாள் வெயில் காட்டினால் அது கெருப்புக் என்னும் மீன் அப்பளம். வெயில் காட்டாவிட்டால் அது மீனும் இல்லை, அப்பளமும் இல்லை, வெறும் நாற்றம்.

நாலு பேருக்கும் பொதுவாக இந்தோனேசிய மொழி இருந்தது, அந்த மொழியில் ‘மாரி’ என்று ஒரு சொல் இருந்தது. மாரி என்றால் வாருங்கள். வாசலில் உட்கார்ந்து சாப்பிடும்போது தெருவில் யார் போனாலும் ‘மாரி மாக்கான்’, அதாவது வாங்க சாப்பிடலாம் என்று சொல்லியாக வேண்டும். அவரும் ‘இப்பதான் ஆச்சு’ என்று சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் மானக்கேடு. தமிழர்களுக்கு மட்டும் அந்தச் சொல் நாக்கில் கொஞ்சம் வேறு மாதிரி இனித்தது. மாரி என்றால் அவர்களுக்கு மழை, மாரி என்றால் சந்து முனையில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அம்மன். அதனால் விருந்தாளியைக் கூப்பிடும்போதெல்லாம் கூடவே அவளையும் ஒரு தரம் கூப்பிட்டுவிட்ட கூச்சம் அவர்களுக்கு இருந்தது.

அந்தச் சொல்லை எல்லோரையும் விட அதிகமாகச் சொன்னவர் அருணகிரி. சந்துக்கு அவர்தான் கெப்ளிங், அதாவது அரசாங்கத்துக்கும் நாற்பத்தொரு வீட்டுக்கும் நடுவில் ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் தலைவர். மற்ற மூன்று பாஷைக்காரர்களும் ஐயா என்கிற மரியாதையோடு பாக் கிரி என்பார்கள். வயிறு முன்னால் வரும், அதற்கும் முன்னால் குரல் வரும், குரலுக்கும் முன்னால் மாரி வரும். கையெழுத்துக்கு வந்தவரை மாரி என்பார், கையெழுத்தானவரையும் மாரி என்று சொல்லியே அனுப்புவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வார். இந்த மனுஷனைப் போல வரவேற்க ஆள் கிடையாது என்று சந்தே நினைத்துக்கொண்டிருந்தது. சந்தை விட அதிகமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்துக்குக் கீழே, அப்பளக்கார மாக் ரோஸ்னாவின் தங்கை வந்து சந்தில் இறங்கினாள். ஒரு தையல் இயந்திரத்தின் காரணமாக அக்காளும் தங்கையும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ரோஸ்னா தட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், வாய் கோணியது, ‘மாரி’ என்றாள். உடனே மழை பெய்தது. நாற்பத்தொரு கூரைகளின் மேலும் பெய்து, சரியாகச் சந்து முனையில் கத்தரித்தது போல நின்றது. அடுத்த சந்தில் மீன்காரர்கள் வெயிலுக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தார்கள். மழை எங்கிருந்து வந்தது என்று காங் அசாமில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பளம் போச்சே என்றுதான் எல்லோரும் கத்தினார்கள்.

வியாழக்கிழமை, கப்பலிலிருந்து திரும்பிய புருஷனை ஒருத்தி மாரி என்றாள், மழை. சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்டை வீட்டுக்காரரை ஒரு பத்தாக் குடும்பமே சேர்ந்து மாரி என்றது, முழங்கால் வரை தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மாலை தொழுகைக்கூடத்து முற்றத்தில் கூட்டம் கூடி, இனிமேல் அந்தச் சொல்லே வேண்டாம், தலையை மட்டும் ஆட்டி வரவேற்போம் என்று தீர்மானம் போடப் போனபோது, அருணகிரி பாத்திக் சட்டையின் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“இதெல்லாம் மூடநம்பிக்கை! ஒரு சொல்லுக்கு மழை வருமா? இப்ப பாருங்க. மாரி, மாக் ரோஸ்னா! மாரி, பாக் வாகிமின்! எல்லாரும் மாரி, எங்க வீட்டுக்கு மாரி, காப்பி குடிக்க மாரி!”

முப்பத்திரண்டு தடவை சொன்னார். எண்ணியவள் அவர் மனைவி சௌந்தரம். வானம் புளி போட்டுத் துலக்கிய தாம்பாளம் போலப் பளபளவென்று இருந்தது. அருணகிரி வெற்றிக் களையோடு கூட்டத்தைப் பார்த்தார். அப்போது காது கிழிந்த தெருப்பூனை ஒன்று முற்றத்து ஓரமாக வந்து நின்றது. தோஃபு செய்து விற்கிற பாக் வாகிமின், வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், தனியாக இருப்பவர், கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டு, மெதுவாக, “மாரி, பூஸ்” என்றார்.

கொட்டித் தீர்த்துவிட்டது. நனைந்துகொண்டே நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் முதலில் பூனையைப் பார்த்தார்கள், பிறகு பாக் வாகிமினைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி கெப்ளிங்கைப் பார்த்தார்கள். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று தமிழர்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது; மற்ற மூன்று பாஷைகளுக்கும் அது அங்கேயே மொழிபெயர்க்கப்பட்டது.

மறுநாள் காலையில் கேட்டபோது, வார நாட்களில் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிற கோயில் பூசாரி, “பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வராம என்ன செய்வா? ஆனா மனசுல இல்லாம கூப்பிட்டா அவளுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தொழுகைக்கூடத்து இமாம், மழை இறைவனின் அருள், அருளுக்கு ஆட்சேபம் இல்லை, அப்பளம் காயும் நேரத்தில் மட்டும் அதை அளவோடு கேட்பது நல்லது என்றார். காரண விசாரணை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு காங் அசாம் அந்த மழையோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது.

திங்கள் முதல் வியாழன் வரை அப்பள நாட்கள், அப்போது யாரும் யாரையும் உண்மையாகக் கூப்பிடக்கூடாது, பொய்யாக எவ்வளவு வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. மனசார அழைக்க வேண்டியவர்களை வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போகிறவர்கள் குடை கொண்டுபோனார்கள், குடை கொண்டுபோவது அந்த வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை ஆயிற்று. குடையை விரிக்காமலே திரும்பி வந்தவர்கள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் தரகரை நம்பாமல் தரையின் ஈரத்தை நம்பினார்கள். “அவ கூப்பிட்டா, நாலு சொட்டுத்தான்” என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பெரிய அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரியை நாற்பத்தொரு வீடும் வாசலில் நின்று மாரி மாரி என்று முழங்க, அன்றைக்கு அடித்த வெயிலில் மூன்று நாள் அப்பளம் ஒரே நாளில் காய்ந்தது, அதிகாரியும் மிக நல்ல வரவேற்பு என்று எழுதிவிட்டுப் போனார்.

இந்தக் கொண்டாட்டங்களுக்கெல்லாம் நடுவில் அருணகிரி காய்ந்துபோய்க் கிடந்தார். யாரைக் கூப்பிட்டாலும் ஒரு துளி விழவில்லை. அடுப்படியில் போய்ப் பழகிப் பார்த்தார்.

“மாரி, சௌந்தரம்.”

“என்னத்த கூப்பிடுறீங்க? முப்பத்தொரு வருஷமா இங்கதானே நிக்கிறேன்” என்றாள் அவள், திரும்பாமல். கூரையில் சத்தம் இல்லை. “விடுங்க, கொடியில துணி காயுது.”

ஒருநாள் நிஜமான கருமேகம் ஒன்று கடல் பக்கமிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, தெருவில் போன முன்பின் தெரியாத பாத்திர வியாபாரியைப் பிடித்து நிறுத்தி மாரி என்றார். மேகம் அவருடைய தலைக்கு நேராக வந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, பெலாவான் பக்கம் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பாக் கிரி வீட்டு விசேஷத்துக்குக் குடை வேண்டாம், விசிறி கொண்டுபோ என்று பேச்சு உண்டாயிற்று.

அவர் அழைப்பு ஏன் நனைவதில்லை என்று சந்துக்குத் தெரியும், சொல்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, தொலைக்காட்சியில் பூப்பந்து இறுதிப்போட்டி ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்துக்குப் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். அருணகிரி காகிதங்களைப் படிக்கிற வழக்கமே இல்லாதவர். ஒரு கண் பந்தின் மேல் இருக்க, கை பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த, வாய் பாட்டுக்கு மாரி, மாரி, அடுத்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வரிசையில் ஒன்பதாவதாக நின்றவள் அவருடைய ஒரே மகள் சுகந்தி. கல்யாணம் பதிவு செய்ய கெப்ளிங் தரவேண்டிய கடிதம் அவள் கையில் இருந்தது. மாப்பிள்ளை, மோட்டார் பெச்சா என்னும் ரிக்‌ஷா ஓட்டுகிற பத்தாக் பையன் பின்சார். வீட்டில் பேசத் தைரியமில்லாமல், அப்பா காகிதத்தைப் படிப்பார், படித்து நிமிர்வார், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நெஞ்சு அடிக்க வரிசையில் வந்து நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். “மாரி, அடுத்தவர்” என்றார். நிமிரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறு வாரம் கல்யாணம் ஆகிவிட்டது. தன் கையெழுத்தாலேயே தான் ஏமாந்துபோனதை அருணகிரியால் பொறுக்க முடியவில்லை. மகளின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றார். சௌந்தரம் சரி என்றாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் நகரத்து அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்வந்தாள், கடைசிச் சில மாதங்களாகக் குழந்தைத் துணியின் வாசத்தோடு திரும்பி வந்தாள்.

சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆன செய்தியை மாக் ரோஸ்னாதான் நேராக வந்து சொன்னாள்.

“பாக் கிரி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாளாம். குழந்தையைக் கொண்டுவருவாளாம். சந்தில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.”

“வரட்டுமே. யார் தடுத்தது?”

“நீங்கள் கூப்பிட வேண்டுமாம். மழை வந்தால் இறங்குவாளாம். வராவிட்டால் வந்த பெச்சாவிலேயே திரும்பிவிடுவாளாம். பிறகு இந்தப் பக்கமே வரமாட்டாளாம்.”

வெள்ளியும் சனியும் அருணகிரி சாப்பிட்டதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை பகல் முழுதும் சதுப்போரம் தனியாக நின்று கொக்குகளைப் பார்த்து மாரி, மாரி என்று சொல்லிக்கொண்டிருந்ததை நாலைந்து பேர் பார்த்தார்கள். கேலி செய்யலாம் என்று போனவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடந்தார்கள். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மகள் மேல் அவ்வளவு கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன.

ஞாயிறு காலை இரண்டு தடவை குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவர் திகைத்து நின்றார். சந்து நெடுக, நாற்பத்தொரு வீட்டு வாசலிலும், அப்பளத் தட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அப்பள நாளே அல்ல, இருந்தாலும் ஒரு தட்டியைக்கூட யாரும் உள்ளே எடுத்துவைக்கவில்லை. மழை வராது என்பதில் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவருடைய சொந்த வாசலிலும் ஏழு தட்டிகள் இருந்தன.

“நீயுமா?” என்றார் மனைவியிடம்.

“வராட்டி காயட்டும்” என்றாள் சௌந்தரம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வந்தா அத்தனையும் நனையட்டுமே, யாரு வேணாங்கிறா” என்றாள்.

பத்து மணிக்குப் பெச்சா வந்தது. மோட்டார் சைக்கிளின் மேல் பின்சார், பக்கத்துத் தொட்டி இருக்கையில் சுகந்தி, அவள் மடியில் துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன முகம். சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. பின்சார் இன்ஜினை அணைக்கவில்லை. மாமனாரைப் பார்த்துத் தலையை மட்டும் தாழ்த்தினான். சுகந்தி இறங்கவில்லை.

அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இருநூறு தடவை பழகிய அந்தக் குரலை எடுத்து, கையை அகல விரித்து, “மாரி!” என்றார்.

வெயில் அடித்தது.

“மாரி, மாரி!” என்றார் மறுபடியும், இன்னும் உரக்க. கூரைத் தகரங்கள் சூட்டில் டக் டக்கென்று விரிந்தன. மாக் ரோஸ்னா பொறுக்காமல், “கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பாக் கிரி” என்றாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். சிரிக்கக் காத்திருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பாக் வாகிமின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி பின்சாரின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், அவன் வண்டியைத் திருப்பத் தொடங்கினான்.

அருணகிரி ஓடிப்போய்ப் பெச்சாவின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வரலம்மா” என்றார். அது அவருடைய கெப்ளிங் குரல் இல்லை, யாரும் கேட்டிராத ஒரு குரல். “நேத்துலேருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், வரல. பொய்யாக் கூப்பிடத்தான் எனக்குத் தெரியுது. உம்மேல கோவம் இருக்கு சுகந்தி, இன்னும் இருக்கு, இல்லன்னு சொன்னா இந்த ஊரே நம்பாது, வானமும் நம்பாது. அந்தக் காயிதத்தப் படிச்சிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும்” என்றாள் சுகந்தி. “ஆனா நிமிந்து பாத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்பா. நின்னேனே. உங்க முன்னாடியேதான நின்னேன்.”

“நின்னியா?”

“நின்னேன்.”

அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். மகள் இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, தூக்கம் போதாத தாய்மார்களின் முகம். குழந்தை அவரை நோக்கி ஒரு கொட்டாவி விட்டது. அவருக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதார். கம்பியை மட்டும் விடவில்லை.

“இப்ப நீ போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா? உங்கம்மா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை உன்ன வந்து பாக்குறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அவ சேலையில உம்புள்ள வாசம் வருது. அத மோந்துகிட்டுத்தான் நான் சனிக்கெழமையக் கழிக்கிறேன்.”

சௌந்தரம் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பின்சார் இன்ஜினை அணைத்தான். சுகந்தி குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்தச் சின்ன இருக்கையில் ஒடுங்கி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.

“நீங்க எங்க வீட்டப் பாத்ததே இல்லல்ல?” என்றாள். “மாரி, பா.”

வானம் பிளந்து கொட்டியது. காங் அசாம் அதுவரை கண்டிராத மழை. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் ஐயோ ஐயோ என்று தட்டிகளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடி மோதிக்கொண்டார்கள், மாக் ரோஸ்னா தட்டியைப் போட்டுவிட்டு அழுதாள், சௌந்தரம் தன் ஏழு தட்டிகளையும் நனையவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்தாள், அந்த அமளியில் கெப்ளிங் முழங்கால் இடிக்கப் பெச்சாவில் ஏறியதை அவள் மட்டும்தான் பார்த்தாள். பின்சார் கூரைப் படுதாவை இழுத்துவிட்டு, குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தான். “கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அமாங்” என்றான். அவன் பாஷையில் அமாங் என்றால் அப்பா.

வழக்கமாகச் சந்து முனையில் கத்தரித்து நின்றுவிடும் மழை அன்றைக்கு நிற்கவில்லை. அழைத்த வீடு வேறு எங்கோ இருந்ததால் அது பெச்சாவின் மேலேயே கூட வந்தது. லாரிகள் நிற்கும் வளைவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெயிலில் நின்ற ஜனங்கள் வாயைப் பிளந்து பார்க்க, ஒரே ஒரு பெச்சாவின் அகலத்துக்கு மழை நகரத்துக்குள் போயிற்று. வழியெல்லாம் அருணகிரி யாரையும் மாரி என்று கூப்பிடவில்லை. குழந்தையின் மேல் சாரல் படாமல் குனிந்து, தன் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு குறுகலான சந்தில், தாழ்ந்த வாசல் ஒன்றின் முன் பெச்சா நின்றது. சுகந்தி முதலில் இறங்கிக் கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து உள்ளே போனார். அவர் போன பிறகுதான் மழை விட்டது.